மாடு நலம்

தாழைநாட்டில் மன்னராட்சியும் தேர்தலும் ஒன்றாகவே நடந்துவந்த காலத்தில், ஒரு வியாழக்கிழமை காலை, சேதுராயன் செருப்பை மாட்டிக்கொண்டே மனைவியிடம் கேட்டார்:

"தையலு, வீடு எப்படி இருக்கு?"

"நலம்."

"ராத்திரி தூக்கம்?"

"நலம்."

"மாடு?"

அடுப்பில் பால் பொங்கி வந்துகொண்டிருந்தது. தையல்நாயகி திரும்பிப் பார்க்காமலே, "மாடும் நலந்தாங்க. கெளம்புங்க, கூட்டத்துக்கு நேரமாச்சு" என்றாள்.

அவர்கள் வீட்டில் மாடு கிடையாது. இரண்டாம் மாடியில் ஒற்றை அறை. மாடு ஒன்று ஆசைப்பட்டாலும் ஏறி வர முடியாத படிக்கட்டு. ஆனாலும் கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கேள்வி தவறியதில்லை, பதிலும் தவறியதில்லை.

சேதுராயன் அரசப் பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்க இயல் துறையில் ஆசிரியர். துறை என்றால் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை. முன்னொரு காலத்தில் ஆப்பிரிக்காவின் ஏரிக்கரை நாட்டிலிருந்து ரெஹேமா என்ற பெண் அங்கே படிக்க வந்திருந்தார். அவருக்குச் சேதுராயன் தாழைநாட்டின் பேச்சைக் கற்றுக்கொடுத்தார். பதிலுக்கு ரெஹேமா தன் ஊர் வழக்கம் ஒன்றைக் கற்றுக்கொடுத்தார். அங்கே யாரும் எடுத்த எடுப்பில் காரியம் பேசமாட்டார்களாம். வீடு, தூக்கம், பிள்ளைகள், வயல், மாடு எல்லாவற்றையும் விசாரித்து முடித்த பிறகுதான் வந்த விஷயம். ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் "நலம்" என்றுதான் சொல்ல வேண்டும். கூரை விழுந்திருந்தாலும் முதலில் நலம், அதற்குப் பிறகு கூரை.

இதில் சேதுராயன் மயங்கிப்போனார். வியாழக்கிழமைதோறும் துறையில் கூட்டம் வைத்தார். யார் வேண்டுமானாலும் வரலாம். பாதி நேரம் பக்கத்து நாற்காலிக்காரரை விசாரிப்பதிலேயே போய்விடும். பிறகு ஆப்பிரிக்காவின் ஓர் ஆற்றைப் பற்றியோ, ஒரு பழைய அரசைப் பற்றியோ சொற்பொழிவு. பிறகு பன், டீ. கடைசியில் வேலைவாய்ப்புச் செய்திகள். அதை வாசிக்கும் தேவை பெரும்பாலும் இருக்காது. யாருக்கு வேலை வேண்டும், யாரிடம் வேலை இருக்கிறது என்பதெல்லாம் விசாரிப்பிலேயே வெளியே வந்து, இரண்டும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருக்கும்.

அந்த வியாழக்கிழமை அவர் பேருந்தை விட்டு இறங்கி, சைக்கிள் கொட்டகை வரை நடந்து, அங்கேயே சாய்ந்துவிட்டார். கையிலிருந்த பன் பொட்டலம் நசுங்கவே இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

தையல்நாயகிக்குக் கருணை அடிப்படையில் ஒரு வேலை கொடுத்தார்கள். துறையின் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர், தற்காலிகம். அவள் செய்தது ஒன்றுதான்: வியாழக்கிழமைக் கூட்டத்தை நிறுத்தாமல் நடத்தினாள். அந்த அறையில் நாற்காலிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கும் வரை அவர் முழுதாகப் போய்விடவில்லை என்பது அவள் கணக்கு. ரெஹேமாவுக்கு மட்டும் செய்தியை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்து, எழுதாமலே விட்டிருந்தாள்.

அப்போது தேர்தல் வந்தது. தாழைநாட்டுத் தேர்தலில் மன்னர்தான் வெல்வார். ஆனாலும் முடிவு வரும் வரை எல்லோரும் ஆவலாக இருப்பது போலக் காட்டிக்கொள்வது மரபு. இந்த முறை மன்னர், நாட்டில் வேலையில்லாதவர் ஒருவர்கூட இருக்கமாட்டார் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அதை நிறைவேற்ற வாய்ப்புத் துறை என்று புதிதாக ஒன்றை உண்டாக்கி, கோடிலிங்கத்தை அமைச்சராக்கினார்.

கோடிலிங்கம் உழைப்பாளி. பதவியேற்ற வாரமே முதல் ஆணையைப் போட்டார். அதன்படி, பல்கலைக்கழகத்தில் நடக்கும் நிகழ்ச்சி எதுவாயினும் அது வேலைவாய்ப்பு விழா எனப்படும். அதில் வந்து உட்கார்ந்தவர், வாய்ப்புப் பெற்றவர் எனப்படுவார். இதனால் ஆப்பிரிக்க ஆறுகளைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் வாய்ப்புப் பெற்றார்கள். மழைக்கு ஒதுங்கியவர்களும் பெற்றார்கள்.

இரண்டாம் ஆணை முதல் ஆணையின் வெற்றியிலிருந்து பிறந்தது. மூன்று முறை வாய்ப்புப் பெற்றவருக்கு, அரசு இலவசமாகத் தரும் வேலையற்றோர் அரிசி எதற்கு? நிறுத்தப்பட்டது. ஜனங்கள் விழாக்களுக்கு வராமல் ஒளிந்தார்கள். நாற்காலிகள் காலியாகக் கிடப்பது நாட்டுக்கு அழகல்ல என்பதால், விழா நேரத்தில் கடைகளை அடைக்கச் சொல்லி அடுத்த ஆணை வந்தது. கடை அடைத்த நேரத்துக்கு வருமானம் இல்லாத கடைக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களும் வாய்ப்புப் பெற்றவர்களானார்கள்.

ஒரு வியாழக்கிழமை கோடிலிங்கமே ஆப்பிரிக்க இயல் துறைக்கு வந்தார். கூடவே சட்டச் செயலர் நீலமேகம். அமைச்சரின் பக்கத்து நாற்காலியில் தையல்காரர் வீரபாகு உட்கார்ந்திருந்தார். வழக்கப்படி அவர் திரும்பி, "ஐயா, வீடு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அமைச்சர் திடுக்கிட்டார். அவரை யாரும் அப்படிக் கேட்டு வெகுகாலமாகியிருந்தது.

"அரசு இல்லம் சிறப்புடன் இயங்கி வருகிறது" என்றார்.

"ரொம்ப சந்தோசம். என்னைக் கேளுங்க."

"எதை?"

"அதையேதான். பரவால்ல, நானே சொல்லிடறேன். நலம். தையல் மிஷினை வித்துட்டேன்."

முன் வரிசையில் ஒருவர், "நலம். கூரை ஒழுகுது" என்றார். பின்னால் ஒரு பெண், "நலம். பையன் படிச்சுட்டு மூணு வருசமா சும்மா உக்காந்திருக்கான்" என்றார். அமைச்சர் நீலமேகத்தின் காதருகே குனிந்தார்.

"கவனித்தீரா? இங்கே நலம் என்ற சொல்லுக்குப் பிறகும் வாக்கியம் தொடர்கிறது. இது தேர்தல் காலத்துக்கு உகந்ததல்ல."

மறுநாளே நலம் விசாரிப்புத் தடைச் சட்டம் வந்தது. குடிமக்கள் ஒருவரையொருவர் நலம் விசாரிப்பது, நலமின்மை சாத்தியம் என்ற தவறான எண்ணத்தைப் பரப்புவதால், குற்றமாகும். இனி நாட்டின் சார்பில் அமைச்சர் மட்டுமே ஒலிபெருக்கி மூலம் விசாரிப்பார். மக்களின் பதில் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டிருக்கும்.

தையல்நாயகி வாய்ப்புத் துறைக்கு நடந்தாள்.

"ஐயா, அந்தக் கூட்டமே விசாரிப்புதான். அதை எடுத்துட்டா வெறும் நாற்காலிதான் மிச்சம்."

"அம்மையே, நாற்காலிகளைத்தான் நாம் எண்ணுகிறோம்" என்றார் கோடிலிங்கம், கனிவாகவே. "உமது துறையால் நாட்டுக்கு ஒரு வேலையாவது கிடைத்ததாகக் காட்டும். இல்லையேல் அந்த அறை சைக்கிள் கொட்டகையோடு சேர்க்கப்படும். ஆப்பிரிக்காவில் உமக்கு யாரையேனும் தெரியுமா?"

"ஒருத்தரைத் தெரியும். ஏரிக்கரை நாட்டுல இப்போ பேராசிரியரா இருக்காங்க."

"அழையும். மாபெரும் விழா எடுப்போம். கடிதம் எமது பார்வைக்கு வரட்டும்."

கடிதத்தில் அவள் சேதுராயனைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தாள். அது திரும்பி வந்தபோது அந்த வரி அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் நீலமேகத்தின் கையெழுத்தில், "முன்னேற்றச் செய்திகள் மட்டும்" என்று இருந்தது.

ரெஹேமா வந்தார், தான் தாழைநாட்டின் பேச்சைக் கற்றுக்கொடுத்த நான்கு பேராசிரியர்களையும் அழைத்துக்கொண்டு. அரண்மனைத் திடலில் பந்தல். ஊரே வாய்ப்புப் பெற உட்கார்ந்திருந்தது. மேடையில் கோடிலிங்கம் சாதனை உரையைப் பிரித்தார். விருந்தினர்கள் ஐவரும் நாற்காலிகளுக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார்கள். அவர் முதல் சாதனையைப் படித்தார். அவர்கள் உட்காரவில்லை. நாலாவது சாதனைக்கும் உட்காரவில்லை.

"ஏன் நிற்கிறார்கள்? நாற்காலியில் குறையா?" என்றார் அமைச்சர் மெதுவாக.

"இன்னும் யாரும் அவங்களை விசாரிக்கலைங்க" என்றாள் தையல்நாயகி. "விசாரிக்காம உக்காந்தா வந்த காரியம் விளங்காது."

கோடிலிங்கத்துக்கு அதிகாரம் இருந்தது. ஒலிபெருக்கியில், "அனைவரும் நலமா?" என்றார். எங்கிருந்தோ பதிவு செய்த குரல், "நலம், நலம், நலமே" என்று மூன்று முறை முழங்கி, கரகரத்து நின்றது.

ரெஹேமா அந்தக் குரல் வந்த திசையை மரியாதையோடு பார்த்தார். பிறகு மேடையிலிருந்து இறங்கி, முன் வரிசையில் முதல் நாற்காலிக்குப் போனார். அதில் வீரபாகு இருந்தார்.

"அண்ணே, வீடு எப்படி இருக்கு?"

கோடிலிங்கம் நீலமேகத்தைப் பார்த்தார். நீலமேகம் சட்டத்தை மனதுக்குள் ஒருமுறை ஓட்டினார்.

"குடிமக்கள் விசாரிப்பதுதான் குற்றம், ஐயா. அவர் விருந்தினர்."

"பதில் சொல்வது?"

"பதிலைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றுமில்லை. யாராவது கேட்பார்கள் என்று நாம் எதிர்பார்க்கவில்லை."

"நலம்" என்றார் வீரபாகு. "வாய்ப்பு ஆறு தடவ கெடச்சுது. அரிசி நின்னுபோச்சு. வேலை இன்னும் கெடைக்கல."

"பிள்ளைங்க?"

"நலம். அவங்களும் இதே மாதிரிதான் நலம்."

யாரோ சிரித்தார்கள். பிறகு பந்தலே சிரித்தது. மற்ற நான்கு பேராசிரியர்களும் இறங்கி, ஆளுக்கொரு வரிசையில் தொடங்கினார்கள். நலம், கடையை மூடிட்டேன். நலம், மூடின கடைக்கு வரி வந்திருக்கு. நலம், நான் இந்த ஊரே இல்ல, பஸ்ஸுக்கு நின்னவனப் புடிச்சு உக்கார வச்சுட்டாங்க. காவலர்களையும் அவர்கள் விடவில்லை. நீலமேகத்திடம் கேட்டபோது அவர், "நலம்" என்று சொல்லி, கொஞ்சம் யோசித்து, "பெரியவனுக்குச் சட்டம் படிக்க இஷ்டமில்லை. அவன் பண்ணினதுதான் சரின்னு இப்போ தோணுது" என்றார்.

ரெஹேமா கோடிலிங்கத்தின் முன்னால் வந்து நின்றார். அவர் ஒலிபெருக்கியைத் தேடினார். அது கைக்கெட்டும் தூரத்தில் இல்லை.

"வீடு எப்படி இருக்கு, ஐயா?"

"நலம்" என்றார் அமைச்சர். வாக்கியம் அங்கே நிற்கவில்லை. "நான் போகும்போது வீட்டில் ஒருத்தரும் இருக்கிறதில்ல. எல்லாரையும் விழாவுக்கு அனுப்பிடறாங்க. நாந்தான் ஆணை போட்டேன்."

கடைசியாகத் தையல்நாயகி. மேடையின் ஓரத்தில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ரெஹேமா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, சுற்றும் முற்றும் பார்த்துச் சிரித்தார். அவர் கண்கள் யாரைத் தேடின என்று தையல்நாயகிக்குத் தெரியும்.

"அக்கா, வீடு எப்படி இருக்கு?"

"நலம்" என்றாள் தையல்நாயகி. "அவரு போயிட்டாரு."

ரெஹேமாவால் அடுத்த கேள்வியைக் கேட்க முடியவில்லை. கேள்விகளைப் பாதியில் விடுவது அவர் ஊரில் பெரிய தவறு. ஆனாலும் விட்டார். பிடித்த கையை விடாமல் அப்படியே மேடைப் படியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்து மற்ற நால்வரும் உட்கார்ந்தார்கள். இவ்விதமாக விழா முறைப்படி தொடங்கியது.

அன்று சாயங்காலம் துறை அறையில் பன்னும் டீயுமாக ரெஹேமா வந்த விஷயத்தைச் சொன்னார். ஏரிக்கரை நாட்டுப் பல்கலைக்கழகத்தில் தாழைநாட்டு இயல் துறை என்று ஒன்று தொடங்கப்போகிறார்கள். அதற்கு ஆட்கள் வேண்டும். வீடு வீடாகப் போய் விசாரித்து, நலத்துக்குப் பிறகு வரும் வாக்கியங்களைக் கேட்டு வர வேண்டும். சம்பளம் உண்டு. வீரபாகு தொடங்கி அன்றைக்கே பந்தலில் பாதிப்பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

கோடிலிங்கத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "எமது ஆட்சியின் மீது உலகத்துக்கு அவ்வளவு ஆர்வமா?"

"ஆர்வந்தான், ஐயா" என்றார் ரெஹேமா. "எங்க நாட்டிலயும் போன மாசம் ஒரு வாய்ப்பு அமைச்சரைப் போட்டிருக்காங்க. அவர் மேசையில உங்க சட்டத்தோட பிரதி கிடந்துது. அதான் ஓடி வந்தோம். இது எப்படி ஆரம்பிக்கும், அடுத்து என்னென்ன வரும்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்கணும் இல்லையா? இன்னும் நாலைஞ்சு நாட்டுக்காரங்களும் எங்களைக் கேட்டிருக்காங்க. அங்கயும் நாற்காலி வாங்க ஆரம்பிச்சுட்டாங்களாம்."

அமைச்சர் இதையும் சாதனைகளில் சேர்த்துக்கொண்டார். தேர்தலில் மன்னர் வென்றார். துறை தப்பியது. சட்டம் மட்டும் நீக்கப்படவில்லை, ஏனென்றால் தாழைநாட்டில் போட்ட சட்டத்தை நீக்கிய பழக்கம் இல்லை. வியாழக்கிழமைகளில் எல்லோரும் விசாரிக்கலாம், சம்பளத்துக்கு விசாரிப்பவர்கள் எந்த நாளும் விசாரிக்கலாம் என்று நீலமேகம் ஒரு திருத்தம் எழுதினார். அதன் பிறகு வியாழக்கிழமைகளில் சைக்கிள் கொட்டகை வரை நாற்காலிகள் போட வேண்டியிருந்தது. மூன்றாவது வரிசையில் அமைச்சரும் வந்து உட்கார்ந்து, யாராவது தன் பக்கம் திரும்பமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார். வீரபாகுதான் பெரும்பாலும் திரும்புவார்.

கப்பல் ஏறும் நாளில் ரெஹேமா துறைமுகத்தில் நின்று, "அன்னைக்குப் பாதியில விட்டுட்டேன், அக்கா. முடிச்சுட்டுப் போறேன்" என்றார்.

"கேளும்மா."

"தூக்கம்?"

"நலம். இப்போ கொஞ்சம் வருது."

"மாடு?"

தையல்நாயகிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாடும் நலம்" என்றாள்.

அவர்கள் வீட்டில் மாடு கிடையாது.