பொய்மீனுக்கு உயிர் கொடுத்த ஏரிஞானி

மறுநாள் காலையில் ஏரியில் மீன்பிடிக்கும் பருவம் தொடங்குகிறது. ஆகவே ஊரில் பாதிப் பேர் முதல் நாளே கிளம்பிவிட்டார்கள். ஏரிக்கு அல்ல, ஏரிஞானியிடம்.

வரிசை, பழைய மெத்தைக் கடையின் இரும்பு ஷட்டரில் ஆரம்பித்து, சலவைக் கடையைத் தாண்டி, தெருமுனை வரை நெளிந்து கிடந்தது. பஸ் டிரைவர் நின்றார். வக்கீல் புதுத் தூண்டிலோடு நின்றார். விளையாட்டு வாத்தியார் நின்றார். எல்லார் கையிலும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. பெட்டிக்குள் பொய்மீன்கள். மரத்தில் செதுக்கி, வர்ணம் பூசி, வயிற்றிலும் வாலிலும் தூண்டில் முள் மாட்டியவை. ஏரியில் திரியும் பாஸ் என்ற பெரிய மீன் அதை நிஜ மீனென்று நம்பிக் கவ்வும். பாஸ் பேருக்கேற்ற மீன், லேசில் எவனுக்கும் அடங்காது. அதை ஏமாற்றப் பொய்மீன் வேண்டும். பொய்மீன் வைத்திருப்பவர்களை ஏமாற்ற? அதற்குத்தான் ஏரிஞானி.

“ஒவ்வொரு பொய்மீனுக்குள்ளயும் ஒரு உயிர் தூங்குது. நான் எழுப்பி விடுறேன். முழிச்ச மீனை எந்த பாஸும் விடாது” என்பார் அவர். ஏரியைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும், நீச்சலைத் தவிர.

உள்ளே ஒரு மேசை. தரை வரை தொங்கும் நீல வெல்வெட் துணி. மேலே அகலமான கண்ணாடித் தட்டு, அதில் நாலு விரல் தண்ணீர். பொய்மீனை அதில் மிதக்கவிட்டு, கண்ணை மூடி, அடித்தொண்டையில் “ஹூம்ம்ம்” என்பார். பொய்மீன் மெல்ல அசையும். திரும்பும். ஞானியைப் பார்த்து நீந்தி வரும். கூட்டம் வாயைப் பிளக்கும்.

பிளந்த வாய்களைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிற ஒருவரும் அந்தக் கூட்டத்தில் வாய் பிளந்து நின்றார். ஊர் பல் டாக்டர்.

அன்று காலையில்தான் ஒரு அம்மாளுக்கு அவர் அறிவியல் பாடம் எடுத்திருந்தார். “பல்லுல புழுவா? இந்தக் காலத்துல போய் இதையெல்லாம் நம்புறீங்களேம்மா!” சாயங்காலம் கை கழுவி, சட்டை மாற்றி, மரக்கட்டைக்கு உயிர் வாங்க வந்துவிட்டார். பக்கத்தில் அவர் மனைவி நின்றாள். அவள் வந்ததில் டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. நாலு நாளாக முகம் கொடுத்துப் பேசாதவள், தானாக “நானும் வரேன்” என்று சொன்னால் பின்னே எப்படி இருக்கும்?

அவள் பேசாததற்குக் காரணம் இருந்தது. காரணம் அவள் தம்பி.

டாக்டருக்கு மச்சினன் என்றால் உயிர். கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரே படகு, ஒரே தெர்மாஸ், ஒரே வாக்குவாதம். மச்சினன் லிஃப்ட் மெக்கானிக். எதைப் பார்த்தாலும் கழற்றி மாட்டாமல் கை சும்மா இருக்காது. ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் டாக்டர் வீட்டுச் சாப்பாட்டு மேசை அவன் வசம் போய்விடும். ரீலைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் விடுவான். பழைய நைலான் நரம்பை உருவி எறிந்து புதுசு சுற்றுவான். தூண்டிலில் நரம்பு ஓடும் வளையங்களுக்குள் பஞ்சை நுழைத்து இழுப்பான். பஞ்சு எங்கே சிக்குகிறதோ அங்கே கீறல், நரம்பை அறுக்கும். முள்ளை நகத்தில் வைத்துப் பார்ப்பான், வழுக்கினால் மொட்டை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏரிஞானி ஊருக்கு வந்த பிறகு டாக்டர் இதற்கெல்லாம் ஒரு முழுக்குப் போட்டார். “எழுப்பின மீனுக்கு எதுக்குடா பஞ்சும் எண்ணெயும்?”

“மாமா, மீனை எழுப்புனீங்க சரி. நரம்பை யாரு எழுப்புவா? மூணு வருஷ நரம்பு அது.”

டாக்டர் கேட்கவில்லை. போன வாரம் ஒரு குட்டையில் இருவரும் ஒத்திகை பார்க்கப் போனார்கள். எழுப்பப்பட்ட பொய்மீனை ஒரு பெரிய பாஸ் கவ்வியது. தூண்டில் வளைந்தது. டாக்டர் கத்தினார். நரம்பு பட்டென்று அறுந்தது. பாஸ் போயிற்று, பொய்மீனும் போயிற்று.

மச்சினன் சிரித்துவிட்டான். “மாமா, அருளு மீனோட போயிருச்சு!”

டாக்டர் நேராக ஞானியிடம் ஓடினார். ஞானி கண்ணை மூடினார். “கண்ணு பட்டிருக்கு. படகுல உன் கூட இருந்தவன் கண்ணு. அவன் சிரிச்சானா?”

“சிரிச்சான் ஐயா!”

மீன் தப்பினால் கூட இருப்பவன் சிரிக்காமல் என்ன செய்வான், ஒப்பாரியா வைப்பான்? டாக்டர் யோசிக்கவில்லை. மெய்சிலிர்த்துப் போனார்.

“அவன் தூண்டில் உன் வீட்டுல இருக்குதா? கொண்டாந்து என் காலடியில போட்டுரு. அது இருக்கிற வீட்டுல மீன் வாசனையே அடிக்காது.”

மச்சினனின் தூண்டில் டாக்டர் வீட்டுப் பரணில்தான் இருந்தது. காசு சேர்த்து வைத்து, தேடித் திரிந்து வாங்கி, அவனே பிடி செதுக்கிப் பொருத்திய தூண்டில். டாக்டர் அதை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டார்.

மச்சினன் வந்து பரணைப் பார்த்தான். “என் ராடு எங்க மாமா?”

“கழிச்சிட்டேன் மாப்ளே. உன் மேல தப்பில்ல. உன் கண்ணு அப்படி.”

“என்னைக் கேக்காம என் பொருளை எடுத்து எவனோ ஒருத்தன் கால்ல போட்டீங்களா?” அவன் கண் கலங்கியதை அக்கா பார்த்துவிடக் கூடாதென்று விறுவிறுவென்று படியிறங்கிப் போனான். அன்றிலிருந்து அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை.

டாக்டர் மனைவி அவரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். “உங்க ஞானிக்குச் சமைக்கத் தெரியுமான்னு கேட்டு வெச்சுக்குங்க.”

அவளைச் சமாதானப்படுத்த டாக்டர் ஒரு காரியம் செய்தார். எழுப்பப்பட்ட இன்னொரு பொய்மீனைச் சமையலறைத் தொட்டியில் மிதக்கவிட்டு, “இங்க வந்து பாரேன்” என்றார். பொய்மீன் அசையவில்லை. டாக்டர் “ஹூம்” என்று பார்த்தார். அசையவில்லை.

“நம்ம தண்ணியில குளோரின் ஜாஸ்தி” என்றார்.

“அருளுக்கு குளோரின் ஆகாதா?”

“உனக்குப் புரியாது. எல்லாத்துக்கும் உயிர் வந்துராது. ரப்பர் புழுவை முள்ளு இல்லாமக் கொடுத்தா அவரு தொடவே மாட்டாரு. முள்ளுலதான் உயிர் இறங்குமாம்.”

பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “முள்ளுலயா?”

“ஆமா.”

“முள்ளு எதுல செய்றாங்க?”

“இரும்புலதான். இது ஒரு கேள்வியா?”

அவள் துணியை உதறிப் போட்டுவிட்டுத் தன் பட்டறைக்குப் போனாள். கிளினிக்குக்குப் பின்னால் அவளுக்கு ஒரு அறை உண்டு. ஊரில் பல் போனவர்களுக்கெல்லாம் பல் செட் செய்வது அவள்தான். உள்ளே அரம் தேய்க்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பாவம், யாருக்கோ அவசரமாகப் பல் வேண்டும் போல என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

இதோ, இப்போது வரிசை நகர்ந்து அவர்கள் முறை வந்துவிட்டது.

மனைவி பையிலிருந்து இரண்டு பொய்மீன்களை எடுத்து வைத்தாள். பச்சை முதுகு, மஞ்சள் வயிறு. ஒன்றைப் பார்த்தால் மற்றதைப் பார்க்க வேண்டாம். “ஜோடியா வாங்கினதுங்கய்யா. ரெண்டையும் எழுப்பி விடுங்க.”

முதல் மீன் தண்ணீரில் இறங்கியது. “ஹூம்ம்ம்.” திரும்பியது, நீந்தியது. கூட்டம் “ஆஹா” என்றது.

இரண்டாவது இறங்கியது. “ஹூம்ம்ம்.” ஒன்றுமில்லை. “ஹூம்ம்ம்ம்ம்!” லாரி மேடேறுகிற சத்தம் வந்தது, மீன் வரவில்லை. ஞானியின் மீசைக்கு மேல் வியர்வை துளிர்த்தது. ஆனாலும் அனுபவசாலி.

“இது செத்த மீன் தாயே. கண்ணு பட்டிருக்கு.”

“யாரு கண்ணுங்க?”

“உன் கூடப் பொறந்தவன் கண்ணு.”

கூட்டம் ‘த்சொ’ கொட்டியது. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “நான் இப்பத்தான் உள்ளயே வரேன். அதுக்குள்ள என் கண்ணு முன்னாடி வந்துருச்சா?” மச்சினன்தான். அக்கா வரச் சொல்லியிருந்தாள். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

மனைவி பையிலிருந்து ஒரு குறடை எடுத்தாள். இரண்டு மீன்களின் முள்ளையும் மளமளவென்று கழற்றினாள்.

“எழுப்பின மீன் மேல குறடு வெக்கக் கூடாது!” ஞானி பதறினார்.

“உயிரு மீனுக்குத்தானேய்யா? மீனை நான் தொடலையே. முள்ளை மட்டும் மாத்திப் போடுறேன்.”

“மாத்தட்டும்யா, பாத்துரலாம்” என்றார் பஸ் டிரைவர். அவருக்கு எதையும் ஓட்டிப் பார்த்தால்தான் திருப்தி.

செத்த மீன் வயிற்றில் இப்போது உயிருள்ள மீனின் முள். தண்ணீரில் விட்டாள். ஞானி இந்த முறை ஹூம் சொல்லவில்லை. மூச்சே விடவில்லை. செத்த மீன் எழுந்து, தானாகத் திரும்பி, விசுவாசமாக அவரைப் பார்த்து நீந்திப் போனது. அடுத்து, சற்று முன் ஊரே பார்க்க நீந்திய மீனை விட்டாள். அது கட்டையாக மிதந்தது.

கூட்டம் மேசையை நெருங்கி எட்டிப் பார்த்தது.

“அப்போ கண்ணு பட்டது மீன் மேலயா, முள்ளு மேலயா?” என்று கேட்டபடி அவள் அந்த மீனின் முள்ளை நகத்தால் சுரண்டினாள். வெள்ளிப் பூச்சு உரிந்தது. உள்ளே இளஞ்சிவப்பு.

அந்த நிறத்தை டாக்டர் கண்ணை மூடிக்கொண்டே சொல்வார். தினமும் பத்து வாயில் மாட்டிப் பார்க்கிற நிறம். ஈறு நிறம். “இது... நம்ம பல் செட்டு செய்ற பிளாஸ்டிக் இல்ல?”

“அதேதாங்க. இரும்பு இல்லாத முள்ளு. அதான் சாமி வரமாட்டேங்குது.”

டாக்டருக்குக் காதெல்லாம் சூடாகியது. பல்லில் புழு இல்லை என்று அந்த அம்மாளிடம் சிரித்த சிரிப்பு இப்போது அவரையே திருப்பிக் குத்தியது. மனைவி கையிலிருந்த குறடை வாங்கினார். குனிந்தார். வெல்வெட் துணியைத் தூக்கினார். தூக்கியதுதான் தாமதம், குறடு அவர் கையைவிட்டுத் துள்ளிப் போய் ஞானியின் வலது முழங்காலில் ‘டக்’கென்று ஒட்டிக்கொண்டது.

அங்கியை விலக்கினால், முழங்கால் பட்டைக்குள் தோசைக்கல் அளவு ஸ்பீக்கர் காந்தம். சில பேருக்கு மூளை முழங்காலில் இருக்கும் என்பார்கள். இவருக்கு அருளே அங்கேதான் இருந்தது.

அதற்குள் மச்சினன் பின்பக்கத் திரையை விலக்கிவிட்டான். அங்கே கண்பட்ட தூண்டில்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. கழிக்கப்பட்டவையாகத் தெரியவில்லை. முக்கால்வாசி புது வார்னிஷ், புதுப் பிடியோடு ஜம்மென்று விற்பனைக்குத் தயாராக இருந்தன. பஸ் டிரைவர் அவற்றைப் பார்த்தார், பிறகு வக்கீல் கையிலிருந்த தூண்டிலைப் பார்த்தார்.

“சார், இது ஏது?”

“புதுசுய்யா. போன மாசம் ஐயாதான் ஆசீர்வாதம் பண்ணி வித்தாரு.”

“அடியில ஒரு பல்லுத் தடம் இருக்குதா பாருங்க.”

“இருக்கே!”

“என் நாய் கடிச்சது சார் அது!”

ஞானி ஓடினார். ஓட்டம் நல்ல ஓட்டம்தான். ஆனால் வாசலைத் தாண்டும்போது வலது முழங்கால் ஷட்டரின் இரும்புச் சட்டத்தில் ‘டங்’ என்று ஒட்டிக்கொண்டது. ஒற்றைக் காலில் துள்ளினார், இழுத்தார், முறுக்கினார். அருள் விடவில்லை. அவரவர் தூண்டிலை அவரவர் எடுத்துக்கொண்டு வெளியே வரும்வரை அவர் கதவோடு கதவாகவே நின்று எல்லாரையும் வழியனுப்பினார்.

“இருந்தாலும், காந்தத்துக்கும் ஒரு சக்தி இருக்கத்தானே செய்யுது?” என்று கேட்டார் விளையாட்டு வாத்தியார்.

அன்று இரவு டாக்டர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மறுபடியும் ரீல்கள் பிரிந்து கிடந்தன. மச்சினனின் தூண்டிலில் அவன் செதுக்கிய பிடியை ஞானி கழற்றி எறிந்திருந்தார், புதுப் பிடி இன்னும் மாட்டவில்லை. அவன் அந்த மொட்டை இடத்தையே தடவிக்கொண்டிருந்தான்.

“தப்பு பண்ணிட்டேன் மாப்ளே” என்றார் டாக்டர். “யாரோ ஒருத்தன் சொன்னான்னு உன்னைப் போய்...”

மச்சினன் டாக்டரின் ரீலிலிருந்து பழைய நரம்பை ஒரு முழம் உருவி அவரிடம் நீட்டினான். “இழுங்க மாமா.”

இழுத்தார். நூல் போல அறுந்தது.

“இதுதான் என் கண்ணு” என்றான். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். டாக்டர் பஞ்சை எடுத்து முதல் வளையத்துக்குள் நுழைத்தார். மனைவி உள்ளேயிருந்து கேட்டாள், “ஞானிக்கும் சேத்துச் சமைக்கணுமா?”

மறுநாள் ஏரியில் மீன் கிடைத்ததா என்பீர்கள். ஒன்று கிடைத்தது. பெரியதுதான். நரம்பு அறவில்லை.

அடுத்த வாரம் மெத்தைக் கடைக்கு எதிரே ஒரு புது வரிசை தொடங்கிவிட்டது. தூண்டில் ரீலை மூன்று சுற்றுச் சுற்றி வருங்காலம் சொல்கிறாராம் ஒருவர். ரீல் விடுவதில் கெட்டிக்காரர் என்று கேள்வி. வரிசையில் முதல் ஆள் விளையாட்டு வாத்தியார்.

ஒருமுறை முள் குத்தித் தப்பிய பாஸ், அடுத்த பொய்மீனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கும். அதற்கு மூளை கடுகளவு. நமக்கு மண்டை நிறையக் கொடுத்திருக்கிறது. வாயைப் பிளப்பதற்கு முன்னால், மேசைத் துணியை ஒரு தடவை தூக்கியாவது பார்க்கக் கூடாதா?