குகநேசனின் பெயரை ஒரு கழகமும் கூப்பிடவில்லை

கோலியர்ஸ் வுட்,
லண்டன்.
6-12-1992

அன்புள்ள மச்சான் தில்லையம்பலத்துக்கு,

நானும் தவநாயகியும் இந்த ஊர்க் குளிரைத் தவிர வேறு வருத்தம் இல்லாமல் இருக்கிறோம். உம்முடைய சர்க்கரையும் தங்கச்சி அருள்மலரின் முழங்கால் நோவும் முருகன் கிருபையால் அடங்கியிருக்குமென்று நம்புகிறேன். நீர் அனுப்பிய பொங்கல் படங்கள் ஆடி மாதம் வந்து சேர்ந்தன, சந்தோஷம். மரியாதைக்கு எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். இனி என் வயிற்றெரிச்சலை எழுதப்போகிறேன், நீர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக இருந்து வாசியும்.

போன மாதம் நீர் ரெலிபோன் எடுத்து, "மச்சான், எங்கட பெடியன்ரை பெயர் வரேல்லை" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் லண்டனில் மழையோ என்று கேட்டீர். உமக்கு அது அவ்வளவுதான். பதினைந்து வருடம் மெல்பேர்ணில் இருந்தும் கிரிக்கெட்டைத் தவிர எதையும் ஏறெடுத்துப் பார்க்காத மனிதருக்கு, உம்முடைய ஊர் உதைபந்தாட்டத்தை நான் இங்கே இருந்து விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறது. பந்து முட்டை வடிவம். மைதானமும் முட்டை வடிவம். கையாலும் குத்தலாம், காலாலும் உதைக்கலாம், ஒருவன் தோளில் மற்றவன் ஏறி நின்றும் பந்தைப் பிடிக்கலாம், யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பம். நடுவால் அடித்தால் ஆறு புள்ளி, குறி தப்பிப் பக்கத்தால் போனாலும் பரிதாபப்பட்டு ஒரு புள்ளி கொடுப்பார்கள். அவ்வளவு தாராளமான விளையாட்டு, மச்சான். அந்த ஒரு புள்ளித் தாராளம்கூட என் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

மகன் குகநேசன் ஊர்ச் சண்டைக்குள்ளிருந்து கொழும்புக்கூடாக எங்களிடம் வந்து சேர்ந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. என்னத்தைப் பார்த்துவிட்டு வந்தானோ, முதல் வருடம் முழுக்க வீட்டில்கூட வாய் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு, பிள்ளைக்குக் காது கேட்குமா என்று கேட்டார்கள். பிறகு ஒரு சனிக்கிழமை, நாலு வீடு தள்ளி இருக்கிற செபமாலைமுத்துவின் மகன் பீற்றரோடு பூங்காவுக்குப் போனவன், அங்கே ஆள் போதாமல் நின்ற அவுஸ்திரேலியர்களின் விளையாட்டில் சேர்ந்துவிட்டான். கூரை வேலை செய்பவர்கள், பார்களில் பியர் ஊற்றுபவர்கள், எல்லாரும் வாட்டசாட்டமான ஆட்கள். அன்றைக்கு முழங்காலெல்லாம் சேறும் உதட்டில் காயமுமாக வந்து, "அப்பா, அவங்கள் என்னை அடுத்த கிழமையும் வரச் சொன்னவங்கள்" என்றான். அவன் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். தவநாயகி குசினிக்குள் போய் அழுதாள். அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் அவனை நான் தடுத்ததில்லை, பெற்றோல் ஸ்டேசன் ஷிப்டை மாற்றிக்கொண்டு நானும் போய் வேலியோரம் நின்றிருக்கிறேன்.

அப்படியே விளையாடி இந்த வருடம் அந்த அணியில் எல்லாரையும்விட அவன்தான் திறம் என்று கோச்சே சொன்னார். வருடத்துக்கு ஒரு முறை உங்கள் ஊரில் டிராஃப்ட் என்று ஒன்று வைக்கிறார்கள், கழகங்கள் எல்லாம் கூடியிருந்து முறைவைத்து இளம் பெடியள்களின் பெயரைக் கூப்பிட்டு எடுத்துக்கொள்வார்கள், கூப்பிட்டால் பிழைத்தான், கூப்பிடாவிட்டால் வீடுதான் என்பதையும் அவர்தான் சொன்னார். கழகம் ஒன்றிலிருந்து டொய்ல் என்றொருவர் லண்டனுக்கு வந்து குகநேசனையும் பீற்றரையும் பார்ப்பதாகவும் ஏற்பாடு. வந்தார். வந்த அன்று பார்த்து மழை. வழுக்குகிற பந்தைப் பிடித்து என் பிள்ளை ஓடியதைப் பார்க்காமல், அவர் குடைக்குள் நின்று எதையோ எழுதிக்கொண்டிருந்தார். பிறகு அளவு நாடாவை எடுத்து உயரம் பார்த்தார், கையை விரிக்கச் சொல்லி அளந்தார், மாடு வாங்க வந்தவரைப்போலப் பல்லை மட்டும்தான் பார்க்கவில்லை. குகநேசன் உயரமான ஆட்களுக்குக் கட்டை, கட்டையான ஆட்களுக்கு உயரமாம். முன்னுக்கு நிற்கிறவனா பின்னுக்கு நிற்கிறவனா என்று சொல்லத் தெரியவில்லையாம். எங்கே விட்டாலும் விளையாடுகிறவனை எங்கேயும் விடத் தெரியாமல் விழிக்கிறவர்களுக்குப் பெயர் நிபுணர்களாம்! அவன் பெயரையும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார், இரண்டு முறையும் வேறு யாரையோ கூப்பிட்டதுபோல இருந்தது.

இவ்வளவும் பொறுத்திருப்பேன், மச்சான். அன்றைக்குப் பின்னேரம் குடும்பத்தையும் பார்க்க வேண்டுமென்று டொய்ல் வீட்டுக்கு வந்தார். பிள்ளை எப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளை என்பதையும் விசாரிப்பார்களாம், நல்ல வழக்கம்தான். குகநேசன் மேல்மாடியில் சேறு கழுவிக்கொண்டிருந்தான். தவநாயகி பற்றிஸ், றோல்ஸ், தேத்தண்ணி எல்லாம் கொண்டுவந்து வைத்தாள். "உங்கள் மகனைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். எங்கள் ஆட்களின் முறை உமக்குத் தெரியும். பெற்ற பிள்ளையை வந்தவருக்கு முன்னால் தகப்பன் புகழக்கூடாது. புகழ்ந்தால் நாவூறு படும், பெருமை பிடித்த குடும்பம் என்ற பெயரும் வரும். தகப்பன் குறைத்துச் சொல்ல வேண்டும். வந்தவர் உடனே, "சீச்சீ, அப்பிடிச் சொல்லாதேங்கோ, தங்கமான பிள்ளை" என்று மறுக்க வேண்டும். அந்த முறைப்படி நானும், "அவனிடம் பெரிதாக ஒன்றுமில்லை, ஏதோ ஓடுவான்" என்று ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டு, அவர் மறுப்பதற்கு இடம் விட்டுப் பார்த்தேன். மனிதர் மறுக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு ஒரு பற்றிஸை எடுத்தார்.

எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. நான் போதுமானபடி சொல்லவில்லையாக்கும் என்று நினைத்து, "சரியான சோம்பேறி, காலையில் எழுப்ப முடியாது" என்றேன். அதற்கும் தலையாட்டல். "படிப்பும் இல்லை, சொல்வழி கேட்கவும் மாட்டான்" என்றேன். "அப்படியா" என்றார். இனியும் மறுக்காமல் இருக்க மாட்டார் என்று, "உடம்பும் பெலமில்லை, குளிர் வந்தால் முழங்கால் பிடித்துவிடும்" என்றேன். அந்த முழங்கால் உண்மையில் அருள்மலருடையது, அவசரத்தில் வாயில் வந்துவிட்டது. அப்போதும் அவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை, மச்சான். என்ன வளர்ப்போ! வழக்கப்படி மற்றவன் பிள்ளையை உயர்த்தியும் வைத்தேன். "பீற்றர் என்றொருவன் இருக்கிறான், அவன்தான் பிள்ளை" என்றேன். ஒரு தகப்பன் இதற்குமேல் என்ன பண்பாக நடக்கலாம்? "நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி" என்று கைகொடுத்துவிட்டு, செபமாலைமுத்து வீட்டுக்கு எழும்பிப் போனார்.

அங்கேதான் எல்லாம் கெட்டது. எங்கள் வீட்டில் ஒரு தேத்தண்ணி நேரம் இருந்தவர், அங்கே இருட்டும்வரைக்கும் இருந்தார். நான் திரைச்சீலையை விலக்கிப் பார்த்துக்கொண்டே நின்றேன். பீற்றரைப் பற்றி அவ்வளவு நேரம் கதைக்க என்ன இருக்கிறது? என் பிள்ளையைப் பற்றி வத்தி வைக்காமல் இவ்வளவு நேரம் எப்படிப் போகும்? வாசலில் டொய்லை வழியனுப்பும்போது செபமாலைமுத்து எங்கள் வீட்டுப் பக்கமாகக் கையை நீட்டி நீட்டி எதையோ சொன்னதை என் கண்ணால் கண்டேன். அடுத்த நாள் வழியில் கண்டு, "என்ன அண்ணை, வந்தவரோடை கனக்கக் கதைச்சியள்போல" என்று கேட்டேன். "சும்மா, பெடியளைப் பற்றித்தான்" என்று பல்லைக் காட்டினார். அன்றோடு கதை பேச்சை விட்டுவிட்டேன். பீற்றரையும்தானே எடுக்கவில்லை என்று தவநாயகி கேட்கிறாள். தன் பிள்ளை போகாவிட்டாலும் பரவாயில்லை, அடுத்தவன் பிள்ளை போகக்கூடாது என்கிற மனிதர்களை நீர் காணாததா?

டொய்லின் கழகம் கடைசியில் யாரை எடுத்தது தெரியுமா? உங்கள் பக்கத்து நாட்டுப்புறப் பெடியன் ஒருவனை. அவனுடைய தகப்பன், "என் மகனைப்போல ஒருவன் இந்த நாட்டில் இல்லை" என்று டொய்லின் முகத்துக்கு நேரே சொன்னாராம். கோச் சிரித்துச் சிரித்துச் சொல்கிறார். வெட்கம் கெட்ட தகப்பன்! அப்படிப்பட்டவர்களின் பிள்ளைகள்தான் மேலே வருகிறார்கள், அடக்கமான குடும்பத்துப் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். குகநேசன் பூட்ஸைக் குப்பையில் போட்டுவிட்டான், நான்தான் எடுத்துக் கழுவி வைத்திருக்கிறேன். டூட்டிங்கில் ஒரு பலசரக்குக் கடையில் பெட்டி தூக்கப் போகிறான். வந்து சாப்பிடுகிறான், படுக்கிறான். மறுபடியும் அந்த முதல் வருடத்துப் பிள்ளையாகிவிட்டான், மச்சான். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

ஆகவே நீர் ஒரு நாள் லீவு போட்டு, அந்தக் கழகத்துக்கு நேரே போய் டொய்லைக் காணும். அடுத்த வருடமும் விட்டால் பிறகு வயது கூடிப்போகும் என்று கோச் சொல்கிறார். செபமாலைமுத்து சொன்னதில் ஒரு சொல்லும் மெய்யில்லை, அந்த மனிதர் பொறாமையில் வெந்துகொண்டிருக்கிறவர் என்று ஆங்கிலத்தில் விளங்கச் சொல்லும். கோட் போட்டுக்கொண்டு போம்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு நானும் மாமியும் ஆசீர்வாதம் சொன்னதாகச் சொல்லவும். எல்லாரையும் நல்லூரான் காப்பான், என் வீட்டை மட்டும் ஏன் பார்க்கவில்லை என்று அவனிடமும் கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
மனம் நொந்த மச்சான்,
சி. யோகலிங்கம்

பி.கு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் தவநாயகி டூட்டிங்கில் சாமான் வாங்கிக்கொண்டு வந்தாள். முருங்கைக்காய் பொறுக்கும் இடத்தில் செபமாலைமுத்துவின் மனைவி றெஜீனா இவளுடைய கையைப் பிடித்து அழுதாளாம். "எங்கட மனிசன் அண்டைக்குத் தன்ரை பிள்ளையை ஒண்டுக்கும் உதவாதவன் எண்டு சொல்லிப்போட்டு, உங்கட குகநேசனைத்தான் இருட்டுமட்டும் தூக்கி வைச்சுக் கதைச்சவர். அவனைப்போல ஒரு பெடியனை நான் இந்தக் கண்ணாலை காணேல்லை எண்டு உங்கட வீட்டைக் காட்டிக் காட்டிச் சொன்னவர். இப்ப எங்கட பீற்றர் தகப்பனோடை முகம் குடுத்துக் கதைக்கிறானில்லை" என்றாளாம். இதைத் தவநாயகி சாப்பாட்டு மேசையில், குகநேசனை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். "செபமாலை மாமாவோ அப்பிடிச் சொன்னவர்?" என்று கேட்டான். "ஓம்" என்றாள். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் என்ன சொன்னனீங்கள், அப்பா?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை, மச்சான், அறிய வேண்டுமென்று கேட்டான். தவநாயகி சோற்றுப் பானையைப் பார்த்தாள். நான் தண்ணீர்க் குவளையை எடுத்து அவனுடைய பக்கமாக நகர்த்தி வைத்தேன். அவன் சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, மாமாவுக்கு நன்றி சொல்லிவிட்டு வருகிறேன் என்று போய்விட்டான். இன்னும் வரவில்லை.

ஆகையால் மேலே செபமாலைமுத்துவைப் பற்றி எழுதிய எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். ஆனாலும் டொய்லைப் போய்க் காணும். செபமாலைமுத்து சொன்னது முழுக்க மெய், தகப்பன் சொன்னது முழுக்கப் பொய் என்று சொல்லும். அப்படியென்றால் தகப்பன் ஏன் அப்படிச் சொன்னான் என்று அவர் கேட்பார். அவனுக்கு அந்தப் பிள்ளையென்றால் உயிர், அதனால்தான் சொன்னான் என்று சொல்லும். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, மச்சான். இப்போது யோசித்துப் பார்த்தால், குகநேசனிடம் தமிழில் எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை.