டெஸ்டர் கட்டிய பட்டயம்

இந்த உலகத்தில் எந்தப் பொருளையும் நம்பாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் திருமுல்லைவாயில் சபையின் டெஸ்டர்தான். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் போதகருக்கே மறந்துவிட்டது. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில், கரண்ட் வருகிறதா என்று தொட்டுப் பார்க்கும் டெஸ்டர் ஒன்று எப்போதும் இருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்தால் காலிங்பெல்லை முதலில் அதால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அழுத்துவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் ஜெபிப்போம் என்றதும் எல்லோரும் கண்ணை மூட, இவர் மட்டும் எழுந்துபோய் மைக் ஸ்டாண்டைச் சோதித்துக்கொண்டிருந்தார். புதுமனைக்கு ஜெபம் செய்யப் போனால் ஃப்ரிட்ஜைத் தொட்டுவிட்டு, "எர்த்து சரியில்ல"என்பார். அந்த வீட்டு அம்மா பிறகு ஒரு வாரம் ஃப்ரிட்ஜைத் திறக்கமாட்டார்.

இவ்வளவுக்கும் மனிதர் எலக்ட்ரீஷியனும் இல்லை, எஞ்சினியரும் இல்லை. சென்னீர்குப்பத்தில் ஒரு குடோனில் லாரிகளுக்கு கேட் பாஸ் போடுகிறவர். அப்படிப்பட்டவரிடம் போய் என் பட்டயம் சிக்கியதுதான் என் கஷ்டகாலம்.

எங்கள் சபையில் ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் ஒரே நாடகம். தலையில் துண்டு கட்டிய மேய்ப்பர்கள், நட்சத்திரத்தைப் பார்த்து வந்து நிற்காமல் தும்மும் ஒரு சாஸ்திரி. அந்த வருடம் நான் துணிந்து, கதையை ஏதேன் தோட்டத்திலிருந்து தொடங்கலாம் என்றேன். தோட்டத்து வாசலில் சுடர்விடும் பட்டயத்தோடு தேவதூதன் நிற்பான். வாள் என்று சொன்னால் எங்களுக்கு வாய் கூசும், வேதாகமத்தில் உள்ளபடி பட்டயம்தான். கமிட்டி செயலாளர், "செய்யுங்க சிஸ்டர். ஆனா சொதப்பினா அடுத்த வருஷத்துலருந்து நாடகமே கெடையாது. ஸ்கிரீன்ல படம் போட்டுக்கலாம்"என்றார்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். பகலெல்லாம் கம்ப்யூட்டர் வேலை. இந்த ஊரில் நான் 'சி பிளாக் சிஸ்டர்', அவ்வளவுதான். எனக்கென்று இருந்தது இந்த நாடகம் ஒன்றுதான். அது கையைவிட்டுப் போகக் கூடாது என்று எனக்கு அப்படி ஒரு வெறி. தேவதூதனாக நடிக்க வேண்டியவர் நைட் ஷிப்ட் என்று கழன்றுகொண்டபோது, நானே இறக்கையைக் கட்டிக்கொண்டேன்.

பட்டயத்தையும் சபை ஹாலில் உட்கார்ந்து நானே செய்தேன். பிளாஸ்டிக் ஃபைல் கவரைச் சுருட்டி, மேலே சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டி, பைப்புத் துண்டில் கைப்பிடி வைத்தேன். ஒரு எல்இடியை எடுத்து ஒன்பது வோல்ட் பேட்டரியில் நேராக வைத்தேன். பளிச்சென்று ஒரு வெளிச்சம், கருகல் வாடை, முடிந்தது கதை. திரும்பிப் பார்த்தால் டெஸ்டர் நிற்கிறார்.

"இன்னா சிஸ்டர், ரெசிஸ்டர் எங்க? எல்இடி குடுக்குற கரண்ட்டெல்லாம் துன்னும், துன்னுட்டு செத்துப்பூடும். ரெசிஸ்டர்தான் அதுக்குக் கடிவாளம்."

சொன்னதோடு போயிருக்கலாம் அல்லவா? பட்டயத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு வாரம் கழித்து உள்ளே ஏழெட்டு எல்இடிகளோடு கொண்டுவந்தார். ஒன்றுகூட எரியவில்லை. கோபுரத்து ஸ்டாரில் கட்டும் சீரியல் செட் போல, ஒன்றின் வாலில் இன்னொன்றாக எல்லாவற்றையும் ஒரே சரமாகக் கோத்துவைத்திருந்தார். அத்தனையையும் தள்ள அந்தக் குட்டி பேட்டரிக்கு ஏது தெம்பு? ரெசிஸ்டரைப் பற்றி எனக்கு வகுப்பெடுத்த மனிதர் இவர்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பட்டயம் நிஜமாக இல்லாதது அவர் அதிர்ஷ்டம்.

மறுபடி பிரித்து, ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனி ரெசிஸ்டர் வைத்து, எல்லாவற்றையும் பக்கம்பக்கமாக பேட்டரியில் சேர்த்தார். ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. நான் கும்பிட்டுக் கேட்டேன், இதோடு விட்டுவிடுங்கள் என்று. விடுவாரா? பேட்டரியை நம்ப முடியாதாம். அதைக் கழற்றி, ரெசிஸ்டர்களை மாற்றி, பவர்பேங்க்கில் இணைத்து என் இடுப்பில் கட்டிவிட்டார்.

ஒத்திகையில் வசனத்தை ஆரம்பித்தேன், பட்டயம் அணைந்தது. பவர்பேங்க் பொத்தானை அழுத்தினால் எரிந்தது, கொஞ்ச நேரத்தில் மறுபடி அணைந்தது. விஷயம் இதுதான்: எல்இடி குடிக்கும் கரண்ட் ரொம்பக் கொஞ்சம் என்பதால், எதுவும் மாட்டியில்லை என்று நினைத்துப் பவர்பேங்க் தூங்கிவிடுகிறது. பழைய பேட்டரியையே வைத்துத் தொலையுங்கள் என்று கத்தினேன். அவரோ, தூங்காமலிருக்க அதற்கு இன்னொரு வேலை கொடுக்க வேண்டும் என்று, ஒரு குட்டி யூஎஸ்பி ஃபேனையும் அங்கியின் உள்ளே கட்டிவிட்டார். ஏதேன் தோட்டத்துத் தூதன் வயிற்றுக்குள் காற்றாடி! அங்கி உப்பி, நான் ஒன்பது மாதக் கர்ப்பிணி போல நின்றேன்.

நாடகத்தன்று சபை நிறைந்திருந்தது. முன்வரிசையில் செயலாளர். ஆதாமும் ஏவாளும் அழுதுகொண்டே வெளியேற, ஜீவவிருட்சத்து அட்டை மரத்தின் முன்னால் நான் பட்டயத்தைத் தூக்கினேன். அங்கி ஃபேனில் சிக்கி 'கர்ர்' என்றது. பதற்றத்தில் இழுத்தேன், ஃபேன் வயர் கழன்றது. இனி எப்போது வேண்டுமானாலும் அணையும் என்று தெரிந்துவிட்டது. மனதுக்குள் டெஸ்டரை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினேன்.

அணைந்தது. அத்தனை பேருக்கு முன்னால் தேவதூதன் இடுப்பைத் தடவிப் பொத்தானைத் தேட முடியுமா? அடுத்த வருடத்து ஸ்கிரீன் என் கண்ணுக்கு முன்னால் விரிந்தது. அப்போது ஜீவவிருட்சத்தின் பொந்திலிருந்து ஒரு கை நீண்டு, என் இடுப்பில் பொத்தானை அழுத்தியது. பட்டயம் குப்பென்று எரிந்தது.

"பயப்படாதீங்க சிஸ்டர். நீங்க பேசுங்க, நான் இங்கதான் கீறேன்"என்றது மரம்.

டெஸ்டர் பக்கவாசல் வழியாகத் தவழ்ந்து மரத்துக்குப் பின்னால் வந்திருக்கிறார். ஒவ்வொரு முறை அணையும்போதும் கை வந்தது. ஒரு வரிகூட விடாமல் நான் பேசி முடித்தேன்.

முடிந்ததும் செயலாளர் வந்து, பட்டயம் அணைந்து அணைந்து எரிந்தது ரொம்பத் தத்ரூபம், அடுத்த வருடமும் நீங்களே செய்யுங்கள் என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பின்னாலிருந்து டெஸ்டர், "இல்லீங்க சார், அது ஃபால்ட்டு. இன்னா ஆச்சின்னா..."என்று ஆரம்பித்தார். கேக்குத் தட்டை அவர் முன்னால் நீட்டி வாயை அடைத்தேன்.

அவர் தட்டைக் கையில் வாங்கவில்லை. அட்டைப் பொந்துக்குள் அவ்வளவு நேரம் மடக்கி நீட்டி வைத்திருந்த வலது கை தூக்கவே வரவில்லை, தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. இடது கையால் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, அடுத்த வருடம் பட்டயத்தில் எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார்.

ஒரு பேட்டரியோடு முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு என்னை இந்தப் பாடு படுத்தலாமா என்று, மூச்சுவிடாமல் அவரைத் திட்டினேன். அவர் கடைசித் துண்டைத் தின்று முடிக்கும்வரை தட்டை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.