ஜன்னல் அறையும் மூன்று வரியும்

இந்தக் கதையைப் பல வருஷமாக நான் பாதிதான் நம்பினேன். சொன்னவர் மாடிவீட்டு அண்ணி. நம்ப முடியாத பாதி அவர் கணவரைப் பற்றியது. அவ்வளவு கூர்மையான மனிதர் அப்படியும் ஏமாறுவாரா என்று குழம்புவேன். உடனே, நானும் ஒரு கணவன்தானே என்பது ஞாபகம் வந்துவிடும்.

அண்ணன் ஒரு பதிப்பகத்தில் புரூஃப் பார்ப்பவர். அரசியல் தத்துவம், வரலாறு, சமயம் என்று தலையணை கனத்தில் நூல் போடும் பதிப்பகம் அது. கையெழுத்துப் பிரதியை ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் அச்சுத்தாளில் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். படிக்கிறவர் கமா, முற்றுப்புள்ளியைக்கூட வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கல்யாணமான நாள் முதல் படிக்கிறவர் அண்ணி, திருத்துகிறவர் அண்ணன். ஒற்று மிகுந்தால் அண்ணனுக்கு உடம்பு கூசும். ஆனால் அந்த வரி என்ன சொல்கிறது என்று கேட்டால் விழிப்பார். சாம்ராஜ்யங்கள் சரிந்ததெல்லாம் அவர் காதில் அரைப்புள்ளிகளாகத்தான் விழுந்தன.

"என் கையைத் தாண்டி ஒரு பிழை அச்சேறினதில்லை" என்பது அவருடைய மார்தட்டல். தெருவில் பாதிப் பேரிடம் சொல்லியாயிற்று. மீதிப் பேர் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள்.

அண்ணி மருத்துவர்களுக்கு வெள்ளைக் கோட்டு தைப்பவர். மெஷின் இருந்தது சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில். வீட்டில் வெளிச்சம் வரும் ஒரே அறை பின்னறை. அதில் குடியிருந்தவை அண்ணனின் புத்தகங்கள். ஒரு சுவர் முழுக்க அரசு, ஒரு சுவர் முழுக்கப் போர், இன்னொரு சுவர் முழுக்கக் கடவுள். ஜன்னலிலும் பாதியைப் புரட்சிகள் மறைத்திருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தைத்து முடித்த கோட்டில் தாளிக்கும் எண்ணெய் தெறித்தது. இன்னொரு தடவை கறை பட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அண்ணி நேரே அண்ணனிடம் வந்தார்.

"பின்னறை எனக்கு வேணும்."

"புத்தகங்களை எங்க வைக்கிறது?"

"கட்டிலுக்கு அடியில."

"அரசியல் தத்துவத்தைக் கட்டிலுக்கு அடியிலயா? தலையே போனாலும் ஒரு புத்தகம் நகராது."

"படிச்சுட்டுதான் அடுக்கி வச்சிருக்கீங்களா?"

"பிழை பார்த்து அடுக்கியிருக்கேன்."

சொன்னவர், அன்று முடிக்க வேண்டிய புரூஃபை அள்ளிக்கொண்டு பின்னறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். வாழ்நாளில் அவர் செய்த ஒரே புரட்சி அதுதான்.

"இந்த அறை என்னோடதுன்னு ஒத்துக்கிற வரைக்கும் வெளிய வர மாட்டேன்."

"சாப்பாடு?"

"பிஸ்கட் டின் இருக்கு."

"அதுல நூல்கண்டு இருக்கு."

உள்ளே டின் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு மூடும் சத்தம்.

"பசியைக் காட்டி என்னைப் பணிய வைக்க முடியாது."

"நான் எங்க பணிய வச்சேன்? புரூஃப் சாயங்காலம் போகணுமே, அதைத்தான் கேக்கிறேன். கையெழுத்துப் பிரதி இங்க கூடத்துல கிடக்கு."

புரட்சியின் நடுவில் அலுவலகம் குறுக்கிடும் என்று அண்ணன் யோசித்திருக்கவில்லை.

"கதவைத் திறக்க மாட்டேன். நீ வெளிய உக்காந்து படி."

"உத்தரவு."

அரசும் அதிகாரமும் பற்றி ஒரு பேராசிரியர் எழுதிய நூல் அது. அண்ணி முக்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டு, உள்ளதை உள்ளபடி படித்துக்கொண்டு போனார். பாதி அத்தியாயத்தில் குரல் மாறாமல் தொடர்ந்தார்.

"கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்ட அரசன் கமா தன்னைத்தானே சிறைவைத்தவன் முற்றுப்புள்ளி."

"இரு, இரு. இங்க அப்படி ஒரு வரியே இல்ல. அச்சுக் கோத்தவன் முழுங்கிட்டான். மறுபடி சொல்லு."

அண்ணி மறுபடி சொன்னார். உள்ளே பேனா ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அண்ணிக்கு அப்போதுதான் உற்சாகம் பிறந்தது.

"வெளிச்சம் உள்ள அறை கமா அதில் உழைப்பவருக்கே உரியது முற்றுப்புள்ளி. ஏற்கெனவே அச்சான நூல்களுக்கு வெளிச்சம் தேவையில்லை முற்றுப்புள்ளி."

"அடப்பாவி, இதையும் விட்டுட்டானா. 'ஏற்கனவே'யா, 'ஏற்கெனவே'யா?"

"'ஏற்கெனவே'. 'கெ' போடுங்க."

"போட்டாச்சு. எழுதினவர் சரியான ஆளு. கமா வச்சிருக்கிற இடத்தைப் பாரு."

சாயங்காலம் புரூஃப் கதவிடுக்கு வழியாக வெளியே வந்தது. பசி தாங்காமல் பின்னாலேயே அண்ணனும் வந்தார். "இது போர் நிறுத்தம்தான், சமாதானம் இல்ல" என்று சொல்லிக்கொண்டே தட்டின் முன் உட்கார்ந்தார். அண்ணி இன்னும் கொஞ்சம் பரிமாறினாரே தவிர, அறையைப் பற்றி மூச்சு விடவில்லை. தன் கொள்கை வென்றுவிட்டது என்று அண்ணன் எங்கள் வாசல் வரை வந்து சொல்லிவிட்டுப் போனார்.

நூல் வெளிவந்தது. அண்ணி ஒரு பக்கத்தைப் பிரித்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணன் ஒரு வரியைப் பொருளோடு படித்தார்.

"இதை யார் எழுதினது?"

"பேராசிரியர் நூல்தானே."

"அவருக்கு நம்ம வீட்டு அறை எப்படித் தெரியும்? இது நீ சேத்தது."

"நான் வாயால சொன்னேன். கையால சேத்தது யாரு?"

"இது பிழை."

"பிழையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இப்பவே பதிப்பகத்துக்குப் போயி, எங்க வீட்டுக்காரர் கையைத் தாண்டி மூணு வரி பிழை போயிடுச்சுன்னு சொல்லிட்டு வந்துடறேன். அப்படியே தெருவுலயும் சொல்லிட்டு வரேன்."

அண்ணன் புத்தகத்தைப் பார்த்தார். அறையைப் பார்த்தார். இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும் என்று தெரிந்தது.

"பிழை இல்ல" என்றார்.

"அப்ப எழுதியிருக்கிறது சரிதானே?"

அண்ணன் புரட்சிகளில் முதல் அடுக்கைத் தூக்கினார். அப்போதும் தலை குனியவில்லை. "உனக்குப் பயந்து தூக்கலை. அச்சுல வந்ததுக்குக் கட்டுப்பட்டுத் தூக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போனாராம். கடவுள் சுவர் முழுவதும் இடம்பெயர்ந்த பிறகு, ஜன்னலோரம் மெஷின் வந்தது.

அந்த மூன்று வரி அச்சேறியதையும் நான் நம்பவில்லை. எழுதிய பேராசிரியருக்கே தெரியாமல் போகுமா என்ன. போன வாரம் அவருக்கு ஒரு பாராட்டுக் கூட்டம். போயிருந்தேன். தன் வாழ்நாள் சிந்தனையின் சாரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்ட அரசன், தன்னைத்தானே சிறைவைத்தவன்." அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. நானும்தான் தட்டினேன்.

வீட்டுக்கு வந்து என் அலமாரி முன் நின்றேன். எல்லாம் அந்தப் பதிப்பக நூல்கள்தாம். அரசு, வரலாறு, சமயம். அடிக்கோடிட்டு, மனப்பாடம் செய்து, என் மனைவியிடம் மேற்கோள் காட்டித் தோற்ற நூல்கள். ஒன்றை உருவிக்கொண்டு மாடிக்குப் போனேன். அண்ணி ஜன்னலோரம் ஒரு கோட்டுக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, மறைக்காம சொல்லுங்க. அந்த மூணு வரி மட்டும்தானா?"