மாப்பிள்ளை வண்டிக்கு ஊற்றிய எண்ணெய்

அரும்பாவூர்,
18-6-79

பட்டாளத்தில் எல்லை காத்துவரும் அன்புள்ள மாப்பிள்ளை பழனிவேல் அவர்களுக்கு, மாமனார் அரியமுத்து அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள், ஆடு மாடு உட்பட, சௌக்கியம். அங்கு உங்கள் சுகத்தையும், உடன் இருப்பவர்கள் சுகத்தையும் அறிய ஆவலாக இருக்கிறோம். நிற்க. வியாழக்கிழமை அம்சவள்ளிக்குப் பிரசவம் ஆயிற்று. தாயும் குழந்தையும் நலம். தந்தி கொடுக்கத்தான் உங்கள் அத்தை பொன்னாயி சொன்னாள். வண்டி விஷயத்தைத் தந்தியில் விளக்க முடியாது என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

லீவு முடிந்து கிளம்பும்போது, உங்கள் மோட்டார் சைக்கிளைக் காட்டி, "வாரத்துக்கு ஒருவாட்டி ராஜ்தூத்த எடுத்து ஓட்டுங்க மாமா, பெட்ரோல் போட்டா ஆயில் கலக்க மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் மறக்கவில்லை. எந்த ஆயில் என்று நீங்கள்தான் சொல்லவில்லை. டாங்கி காய்ந்துவிட்டதால் புதன்கிழமை பஸ் ஏறிப் பெரம்பலூர் போனேன். கேனில் பெட்ரோல் வாங்கினேன். பங்க்கில் "ஆயில் கலக்கவா?" என்று கேட்டார்கள். மாப்பிள்ளை வண்டிக்கு உசத்தியாகப் பார்த்து நானே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, மோட்டார் சாமான் விற்கும் ராசாங்கம் கடைக்குப் போனேன். தரையிலிருந்து கூரை வரை டப்பா, மாப்பிள்ளை. சக்கரம் உருள என் ஆயுசில் நான் அறிந்தது வண்டி மை ஒன்றுதான், வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டுவண்டி அச்சுக்குத் தடவுவோமே, அது. ராசாங்கமோ, "எதுக்குங்க ஆயிலு? இஞ்சினுக்கா, கியருக்கா, செயினுக்கா, ஷாக்கப்சருக்கா?" என்று கேட்கிறார். ஒரு வண்டிக்கு இத்தனை வாயா என்று அசந்துபோனேன். ஒவ்வொரு டப்பாவையும் திறந்து என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார். ஒன்று தேன் நிறம், ஒன்று பச்சை, ஒன்று வெல்லப் பாகு, கிரீஸ் சாட்சாத் வெண்ணெய். தீர்த்தம் வாங்குகிறவன் போல நான் கையை நீட்டிக்கொண்டே நின்றேன். "கெட்டியா இருக்கறது நல்லதுங்களா, தண்ணியா இருக்கறதுங்களா?" என்றேன். "வேலையப் பொறுத்துங்க" என்றார். அங்கே நின்ற லாரி டிரைவர் கெட்டிதான் உசத்தி என்றார். கூட வந்தவரோ, கெட்டியாக ஊற்றினால் இஞ்சின் மூச்சுமுட்டிப் போகும் என்றார். தப்பானதை ஊற்றிவிட்டு உங்களுக்கு என்ன பதில் சொல்வேன்? எழுதிக் கேட்டுக்கொள்ளலாம் என்று எதையும் வாங்காமல் திரும்பிவந்து, வெறும் பெட்ரோலை டாங்கியில் ஊற்றி வைத்தேன்.

மறுநாள் மத்தியானம் அம்சவள்ளிக்கு வலி எடுத்துவிட்டது. பிரசவம் பார்க்கும் நர்சம்மா கண்ணகி அன்று கிருஷ்ணாபுரம் போயிருந்தார். பஸ்ஸும் போய்விட்டது. "வண்டிய எடுங்க, என்னத்துக்கு நிக்கிறீங்க" என்றாள் உங்கள் அத்தை. எடுத்தேன். போகும்போது குதிரை மாதிரிதான் போனது. நர்சம்மாவைப் பின்னால் உட்காரவைத்துத் திரும்பும்போது பாதி வழியில் கிறீச்சென்று ஒரு சத்தம், சக்கரம் இறுகி வண்டி நின்றுவிட்டது. உதைத்தால் கிக்கர் கல் போல அசையவில்லை. நெற்றி வேர்வை ஒரு சொட்டு இஞ்சினில் விழுந்து சுர்ரென்றது. சுற்றிலும் சோளக்கொல்லை, ஆள் நடமாட்டம் இல்லை, வீட்டில் மகள் என்ன ஆனாளோ.

"எண்ணெ இல்லாம காஞ்சு புடிச்சுக்கிச்சும்மா" என்றேன். நர்சம்மா பையைத் திறந்தார். "வெளக்கெண்ணெதாங்க இருக்கு. ஒங்க பொண்ணுக்குக் குடுக்கலாம்னு எடுத்தாந்தேன்." எனக்குக் கை வரவில்லை. மகளுக்கு வந்த மருந்தை வண்டிக்கு எப்படி ஊற்றுவது? "ஒங்க பொண்ணுக்கு எண்ணெ வேணுமா, நான் வேணுமா, சீக்கிரம் சொல்லுங்க பெரியவரே" என்று அந்த அம்மாவே டாங்கி மூடியைத் திருகிவிட்டார். ஊற்றினோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து, மோர் கடைவதுபோல வண்டியை ஆட்டிக் கலக்கினோம். சூடு ஆறும்வரை நான் வேண்டாத சாமி இல்லை. பிறகு பயந்துபயந்து உதைத்தேன். கிக்கர் இறங்கியது, மாப்பிள்ளை. இரண்டு தரம் இருமிவிட்டு வண்டி உயிர் பிடித்துக்கொண்டது. கும்பாபிஷேகத்தில்கூட அப்படி ஒரு புகையை நான் பார்த்ததில்லை. வெள்ளை வெளேரென்று, ஊர் பூராவும் மணத்துக்கொண்டு வந்து சேர்ந்தோம். வாசலில் நின்ற உங்கள் அத்தை மூக்கைச் சுளித்து, "பேதிக்குக் குடுத்தது யாருக்குங்க, வண்டிக்கா?" என்றாள்.

நர்சம்மா உள்ளே ஓடினார். குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். இன்னும் சற்றுப் பிந்தியிருந்தால் என்று அவர் சொன்னதை எழுத எனக்குக் கை வரவில்லை. அழுகைச் சத்தம் கேட்டபோது நான் வாசலில் வண்டியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார்கள். அது என் விரலைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பிடி எப்படிப்பட்டது என்று சொல்ல எனக்குப் படிப்பு போதாது. பக்கத்தில் உங்கள் இஞ்சின் டிக், டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தேன், இதையும் பார்த்தேன்.

வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். தங்கள் பதில் வரும்வரை தொடமாட்டேன். எந்த ஆயில், என்ன நிறம், கெட்டியா தண்ணியா, ஒரு படி பெட்ரோலுக்கு எவ்வளவு என்று விவரமாக எழுதவும். உங்களுக்கு ஒரு குறையும் வராமல் அரும்பாவூர் மாரியம்மன் காக்கட்டும். அத்தை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு
அன்புள்ள மாமனார்
அரியமுத்து

பி.கு.: ஒட்டுமுன் கடிதத்தை அம்சவள்ளி வாங்கிப் படித்தாள். "பொகை என்ன நெறம்னுகூட எழுதியிருக்கீங்களேப்பா, கொழந்த ஆணா பொண்ணான்னு எழுதலையே" என்றாள். மேலிருந்து கீழ்வரை தேடிப் பார்த்தேன், இல்லைதான். பெண் குழந்தை, மாப்பிள்ளை. அப்படியே உங்கள் மூக்கு. மேலே எழுதியது எதற்கும் இப்போது பதில் வேண்டாம். லீவு கிடைக்குமா என்று மட்டும் எழுதுங்கள்.