கார்வால் நாற்காலியின் அசல் நிலை

நாற்காலியில் உட்காருவதை விட்டுவிட்டு அதை நின்று பார்க்க மனிதகுலம் கற்றுக்கொண்ட நாளில்தான் நாகரிகம் முழுமை பெற்றது. அந்தப் பொன்னாள், பாரிஸில் பல் மருத்துவர் ஆர்மான் புவாவ்ரேவின் வீட்டுக்கு எப்போதோ வந்துவிட்டது. அங்கே ஒன்பது நாற்காலிகள். உட்கார ஒன்றுகூடக் கிடையாது.

அவற்றில் தலையாயது ரெமோன் கார்வால் 1951-இல் வடிவமைத்தது. ரயில் பட்டறையில் நாள் முழுக்க நின்றவர்கள் சாப்பிடும் நேரத்திலாவது காலாற உட்காரட்டும் என்று இரும்புக் குழாயை வளைத்துப் பலகை பொருத்தினார் அந்த அப்பாவி. அவருடைய அறியாமையைக் கலையுலகம் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டது.

அன்று மாலை நிபுணர் முஸ்யே பெல்குர் வருகிறார். அவர் 'அசல்' என்று ஒரு வார்த்தை சொன்னால் நாற்காலி அருங்காட்சியகம் ஏறும். கூடவே ஆர்மான் பெயரும் ஏறும். அந்த நேரம் பார்த்துத்தான் கணுக்கால் முறிந்து மாவுக்கட்டோடு நின்ற மனைவி சோலாஞ்ஜ் குறுக்கே வந்தாள்.

"ஏம்ப்பா, என் பிளாஸ்டிக் நாற்காலி எங்க?"

"நிலவறையில போட்டுட்டேன். நிபுணர் கண்ணுல பட்டா என் மானம் என்ன ஆகறது?"

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

"கொஞ்ச நேரம்தானே! கக்கத்துல ரெண்டு கட்டை வெச்சிருக்கியே, அது போதாதா?"

பெல்குர் வந்தார். நின்றபடியே பாலாடைக்கட்டி தின்றார். பிறகு தரையில் மல்லாந்து படுத்து, நாற்காலியின் அடியில் விளக்கடித்துப் பார்த்தார்.

"ஆஹா! பட்டறை எண்ணெய்ப் பிசுக்கு! தொட்டுடலையே?"

"சத்தியமா இல்ல முஸ்யே! தூசிகூடத் தட்டினதில்ல!"

ஆர்மானின் கண்கள் கலங்கின. கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிக் கலங்கியதில்லை.

அப்போது சோலாஞ்ஜ் தொப்பென்று அதில் உட்கார்ந்தாள்.

"ஏய், எந்திரி! அது உக்கார்ற நாற்காலி இல்ல!"

"பின்ன, நிக்கிற நாற்காலியா?"

"கால் உடைஞ்சிரும்டி!"

"அது போன வாரமே உடைஞ்சாச்சு."

"நான் நாற்காலியோட காலைச் சொன்னேன்!"

நாற்காலி முனகக்கூட இல்லை. கார்வால் எதற்காகச் செய்தாரோ, அந்த இழிதொழிலை வெட்கமில்லாமல் செய்தது. "அப்பாடா!" என்றாள் சோலாஞ்ஜ். அந்த வீட்டில் யாரும் அதுவரை சொல்லாத வார்த்தை அது.

பெல்குர் மறுபடி படுத்தார். அடியிலிருந்து நுனிவரை ஆராய்ந்துவிட்டுத் தீர்ப்பு வழங்கினார்.

"நாற்காலி அசல். மேலே இருக்கும் பெண்மணி பிற்காலச் சேர்க்கை. சேதமில்லாமல் அகற்றிவிடலாம்."

"யாருக்குச் சேதமில்லாம?" என்று கேட்டாள் சோலாஞ்ஜ்.

"நாற்காலிக்குத்தான்! வேற யாருக்கு?" என்றார் ஆர்மான்.

அவள் கட்டைகளை ஊன்றி எழுந்தாள்.

"சேர்க்கை தானே கழண்டுக்குது. நிலவறையில எனக்குன்னு ஒண்ணு கிடக்கு. அதை எடுத்துக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்."

கதவு சாத்தப்பட்டது.

"பலகையில் உடற்சூடு இருக்கிறது. தானாக ஆறட்டும்," என்று உத்தரவிட்டார் நிபுணர்.

ஆர்மான் கைகட்டி நின்றார். இருபது ஆண்டுகள் கூட வாழ்ந்தவளின் சூடு அந்தப் பலகையைவிட்டுப் போகும்வரை பயபக்தியோடு காத்திருந்தார். முழுவதும் ஆறியதும் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

"இப்பதான் முஸ்யே, அசல் நிலை!"