பாதி வழியில் நிற்கும் சைக்கிளுக்கு நன்றி

என்மேல் என்றும் அன்பு குறையாத அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். நீங்கள் வாங்கிக் கொடுத்த மின்சார சைக்கிள் பாதி நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? என் பொருட்டு சைக்கிள் கடைவரை நடந்தே போய்ச் சண்டை போட்டீர்கள் என்று மாமா சொன்னதால் தேவலை என்றுதான் நினைக்கிறேன்.

அந்தச் சண்டையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள், “ஏண்டி, சைக்கிள் அறுபது கிலோமீட்டர் ஓடுதா இல்லையா? வாயைத் தொறந்து சொல்லேன்” என்று கேட்டீர்கள். நான் “ம்ஹூம்” என்றேன். அதற்கு மேலும் சொல்ல நிறைய இருந்தது. நான் அடுத்த வார்த்தையைத் தேடி எடுப்பதற்குள் போனை வைத்துவிட்டீர்கள். அன்று மாலையே கடைக்குப் போய், “சின்னப் பொண்ணை ஏமாத்திட்டியே, உன் அறுபதுல இடி விழ!” என்று கத்தி, வருகிற சனிக்கிழமை சைக்கிளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் கடைக்காரரைச் சம்மதிக்க வைத்துவிட்டீர்களாம். அத்தை, என்னுடைய ஒரு “ம்ஹூம்” இவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாது. சைக்கிள்கூட அவ்வளவு தூரம் போவதில்லை.

தயவுசெய்து அதைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். காரணத்தை எழுதியே சொல்கிறேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் வார்த்தை வருகிறது.

வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல முடியாமல் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பல் செட் செய்யும் கூடத்தில் வேலை கிடைத்தபோது, செய்து முடித்த பல்லை ஆறு பல் டாக்டர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பதுதானே, அதற்குப் பேச வேண்டியதில்லை என்று சந்தோஷப்பட்டேன். முதலாளியம்மா, “ஒரு மாசம் பார்ப்பேன். சரிப்பட்டா வச்சுக்குவேன்” என்றார். உடனே நீங்கள் சைக்கிளோடு வந்து இறங்கினீர்கள். ஒல்லிச் சக்கரம், வளைந்து கீழே இறங்கும் கைப்பிடி. அம்மா, “என்னடி இது, ஆட்டுக் கிடா மாதிரி கொம்பு வச்சிருக்கு!” என்றாள். மின்சார மீட்டர் கணக்கெடுக்கப் போகும் அப்பா, “இது எத்தனை யூனிட் இழுக்கும்?” என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. எனக்கோ அந்தக் கைப்பிடியைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. முதுகை வளைத்துத் தலை குனிந்துதான் ஓட்ட முடியும். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

பேட்டரிக்கு ஐந்து விளக்கு என்று காட்டினீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்குச் சார்ஜரை மாட்டினால் காலையில் இரண்டு விளக்குதான் எரியும். “பேட்டரியை எப்பவும் முழுசா ஏத்தாதே, கொஞ்சம் குறைவா இருந்தா நாள்பட உழைக்கும்” என்று நீங்கள் தாளில் எழுதித் தந்திருந்தீர்கள் அல்லவா? அதை நான் செய்ய வேண்டிய அவசியமே இல்லாமல் சைக்கிள் தானாகவே நிறுத்திக்கொள்கிறது என்று மெச்சிக்கொண்டேன். ஐந்து இருந்தும் இரண்டைத்தான் காட்டுகிறது, என்னைப் போலக் கூச்சம் போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

என் சுற்று முப்பத்தெட்டு கிலோமீட்டர். முதல் நாள் இருபத்து மூன்றாவது கிலோமீட்டரில், மேட்டுச் சாலை ஆரம்பிக்கிற இடத்தில், ஒரு முடிதிருத்தும் கடைக்கு முன்னால் கடைசி விளக்கும் அணைந்தது. பெட்டியில் நான்கு பேருடைய பற்கள். மிதித்துப் பார்த்தேன், மேடு விடவில்லை. பேட்டரி சைக்கிள் சட்டத்துக்குள்ளேயே இருப்பதால் கழற்றிக்கொண்டு போகவும் வழியில்லை. சைக்கிளோடுதான் ஒருவர் வீட்டுக்குள்ளோ கடைக்குள்ளோ நுழைய வேண்டும். நுழைவதற்குக் கேட்க வேண்டும். கேட்பதற்குப் பேச வேண்டும். நான் இருபது நிமிடம் வாசலில் நின்றேன். கடைசியில் கடைக்கார அண்ணனே வெளியே வந்து, “வெயில்ல ஏம்மா நிக்கிற? முடி வெட்டணுமா?” என்று கேட்டார். இல்லை என்று சொன்னால் பிறகு என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டியிருக்குமே, அதனால் தலையாட்டிவிட்டேன். “எவ்வளவு?” என்றார். விரலால் கொஞ்சம் என்று காட்டினேன். கொஞ்சம் வெட்ட வேண்டும் என்பதற்கும் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும் என்பதற்கும் விரல் ஒரே மாதிரிதான் இருக்கிறது அத்தை. பின்னல் முழுதும் தரையில் விழுந்த பிறகுதான் என் வாயிலிருந்து “பிளக்” என்று ஒரு சத்தம் வந்தது.

“என்னது?”

“பிளக். சைக்கிளுக்கு.”

“அடப் பாவிப் பொண்ணே! இதை மொதல்லயே சொல்லியிருந்தா உன் முடி பொழைச்சிருக்குமே!”

அவரே சைக்கிளைத் தூக்கி வந்து இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் நிறுத்திச் சார்ஜரை மாட்டிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா, “பல்லைக் கொடுக்கப் போனவ முடியையும் கொடுத்துட்டு வந்திருக்காளே!” என்று அழுதாள்.

மறுநாளும் அதே இடத்தில் நின்றது. வெட்ட இனி முடி இல்லை, பேசித்தான் ஆக வேண்டும். “அண்ணே, பிளக்” என்றேன். வாரக் கடைசியில், “அண்ணே, முக்கால் மணி நேரம் மாட்டிக்கட்டுமா?” என்று முழுதாகக் கேட்டேன். கடையில் காத்திருப்பவர்கள், “இன்னைக்கு யாரோட பல்லும்மா?” என்று விசாரிக்கும் அளவுக்குப் பழகிவிட்டார்கள். ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுவதால் எந்தப் பல்லும் தாமதமாகவில்லை.

முக்கால் மணி நேரம் போதாத ஒரு நாள், ஆறு பேரில் சிரிக்கவே சிரிக்காத டாக்டரின் மருத்துவமனை நடைக்கூடத்தில் ஒரு பிளக்கைப் பிடுங்கிவிட்டு என்னுடையதை மாட்டினேன். அது நோயாளி படுக்கும் நாற்காலியின் பிளக் என்று எனக்கு எப்படித் தெரியும்? உள்ளே ஒரு பெரியவர் கால் மேலே, தலை கீழே, வாய் திறந்தபடி அப்படியே மாட்டிக்கொண்டார். “கரண்ட் போச்சா?” என்றார் டாக்டர். “ஃபேன் ஓடுதே சார்” என்றார் நர்ஸ். இருவரும் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஓடிவிடலாம் என்றால் சைக்கிளில் சார்ஜ் இல்லை. கடைசியில், “டாக்டர், நான்தான் பிடுங்கினேன்!” என்று கத்திவிட்டேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இங்க பிடுங்கறது என் வேலைம்மா” என்று சொல்லிச் சிரித்துவிட்டார். தலைகீழாக இருந்தபடியே பெரியவரும் சிரித்தார். எழுந்து உட்கார்ந்ததும் என்னை அழைத்து, “போன வாரம் நீ கொண்டுவந்த கீழ் செட்டு இடது பக்கம் கடைசிப் பல்லுகிட்ட குத்துது, மெல்லும்போது மட்டும். உங்க முதலாளிகிட்ட நீயே சொல்லு” என்றார். நான் போய் அப்படியே சொன்னேன், நடித்தும் காட்டினேன். முதலாளியம்மா அரத்தைக் கீழே வைத்துவிட்டார். “இத்தனை வருஷமா சீட்டுல ‘சரி செய்யவும்’னு மட்டும்தான் வரும். எங்க சரி செய்யணும்னு ஒருத்தரும் சொன்னதில்லை. இனிமே எல்லார்கிட்டயும் கேட்டுட்டு வா. மாசம் முடியட்டும்னு சொன்னேன்ல? முடிஞ்சிடுச்சுன்னு வச்சுக்கோ.”

அத்தை, இந்த சைக்கிள் அறுபது கிலோமீட்டர் ஓடியிருந்தால், நான் குனிந்த தலை நிமிராமல் ஆறு டாக்டர்களிடமும் பெட்டியை நீட்டிவிட்டு வீடு வந்து சேர்ந்திருப்பேன். மாத முடிவில் வேறு ஆளைப் பார்த்திருப்பார்கள். அது பாதியில் நிற்பதால்தான் எனக்கு வேலை நிலைத்தது. சனிக்கிழமை கடைக்காரர் வந்தால் நானே வாசலில் நின்று தரமாட்டேன் என்று சொல்லிவிடுவேன். சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். நீங்களும் முன்னதாக ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் நல்லது.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்காலுக்கு ஓய்வு கொடுங்கள். இந்த நன்றியை நேரில் வந்து வாயாலேயே சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் “ம்ஹூம்” மருமகள்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி ஒட்டுவதற்குள் அப்பா வேலையாக இரண்டு நாள் வெளியூர் போனார். மறுநாள் காலை சைக்கிளில் ஐந்து விளக்கும் எரிந்தன! கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்துகொண்டே கிளம்பினேன். முப்பத்தெட்டையும் நிற்காமல் ஓடி, இரண்டு விளக்கு மிச்சத்தோடு வீட்டுக்கு வந்தது. அப்பா திரும்பியதும், “சார்ஜர் சுவிட்சை நீங்களா அணைக்கிறீங்க?” என்று கேட்டேன். “எட்டு மணிக்கு நான் உள்ள வரும்போது செவப்பு லைட்டு எரிஞ்சா அணைக்காம? மொத நாள்லேருந்து அணைக்கிறேனே” என்றார். சிறுவயதில் நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்த அண்ணன்தானே! ஆகவே கடைக்காரர் சொன்ன அறுபது உண்மை. அவர்மேல் விழச் சொன்ன இடியை நீங்கள் போய்த் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. அன்று நான் நிற்காமல் போனதைப் பார்த்து முடிதிருத்தும் அண்ணன் கத்தரிக்கோலோடு தெருவுக்கே வந்து, “என்னம்மா, கோவமா?” என்று கத்தினார். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. அதனால் அப்பாவிடம், சார்ஜர் சுவிட்சை வழக்கம்போல எட்டு மணிக்கு அணைத்துவிடச் சொல்லிவிட்டேன். அவர் என்னை அவ்வளவு பெருமையாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.